தத்தாரிஸ்தான் ஏர்லைன்ஸ் 363: சான்றிதழ் இருந்தது, பயிற்சி இல்லை

2013 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. மாஸ்கோவின் தோமதேதவா நிலையத்திலிருந்து கசானுக்கு வந்த தத்தாரிஸ்தான் ஏர்லைன்ஸின் போயிங் 737-500, கசான் விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே விழுந்து நொறுங்கியது. பயணிகள் 44 பேர், பணிக்குழுவினர் 6 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனத்தின் இயக்க உரிமமும் ரத்தானது.

இதை ‘விமானி தவறு’ என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விசாரணை ஆணையம் எழுதிய காரணப் பகுதியைப் படித்த பிறகு எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. விமானிகளுக்கு முன்பாகவே நிறுவனமும் பயிற்சி மையங்களும் கண்காணிப்பு அமைப்புகளும் அதில் குற்றம் சாட்டப்படுகின்றன. அந்த வரிசையிலேயே இங்கேயும் எழுதியிருக்கிறேன். தனிநபர் பெயர் எதுவும் சேர்க்கவில்லை.

பின்னணி: நிறுவனமும் ஆட்களும்

சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, நாடு முழுவதையும் ஒரே குடையின் கீழ் வைத்திருந்த ஏரோஃப்ளோட் நூற்றுக்கணக்கான துண்டுகளாக உடைந்தது. ஊருக்கு ஊர் இருந்த விமானப் பிரிவுகள் தனி நிறுவனங்களாயின. வோல்கா ஆற்றங்கரையில் உள்ள கசான் நகரைத் தளமாகக் கொண்டு உருவான தத்தாரிஸ்தான் ஏர்லைன்ஸ் அவற்றில் ஒன்று. தத்தாரிஸ்தான் ரஷ்யாவுக்குள் இருக்கும், எண்ணெய் வளம் உள்ள குடியரசு என்பதால் மாஸ்கோவுக்கும் வெளிநாடுகளுக்கும் பயணிகள் இருந்தார்கள். தொடக்கத்தில் டுப்பொலெவ் 154, யாக் 42 போன்ற சோவியத் விமானங்கள். 2000-களின் பிற்பகுதியில் பழைய போயிங் 737-கள் குத்தகைக்கு வந்தன.

ரஷ்யாவின் சிறு நிறுவனங்கள் பலவும் இதே வழியில்தான் போயின. சோவியத் விமானங்கள் எரிபொருளை அதிகம் குடிக்கும், உதிரி பாகங்களும் அரிதாகிவிட்டன. மேற்கத்திய விமானத்துக்குப் போவது பொருளாதாரக் கணக்கில் சரியான முடிவு. ஆனால் டுப்பொலெவ் காக்பிட்டில் இரண்டு விமானிகளுடன் விமானப் பொறியாளரும் இருப்பார், பல பயணங்களில் வழிகாட்டி அலுவலரும் இருப்பார். போயிங் 737-இல் இரண்டே பேர். அப்படியானால் மற்ற இருவரும் எங்கே போவது? மறுபக்கம், ரஷ்யாவில் விமானிகளுக்குக் கடும் தட்டுப்பாடு. வழிகாட்டிகளையும் பொறியாளர்களையும் விமானிகளாக மாற்றுவது என்ற தீர்வு அங்கேதான் பிறந்தது.

இந்த முடிவு தன்னளவில் தவறில்லை. வழிகாட்டி அலுவலருக்கு வரைபடம் தெரியும், வானொலி தெரியும், வானிலை தெரியும். அவரிடம் இல்லாதது ஒன்றுதான்: சிறிய விமானத்தில் உட்கார்ந்து, விமானத்தைத் தன் கையால் ஓட்டிப் பழகிய அனுபவம். மூக்கு எவ்வளவு உயர்ந்தால் வேகம் எப்படிக் குறையும், அப்போது கை என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லா விமானிகளும் முதல் நூறு இருநூறு மணி நேரத்தில் உடம்பால் கற்றுக்கொள்கிறார்கள். பெரிய விமானத்துக்கான வகைப் பயிற்சி அந்த அடித்தளம் இருப்பதாக எண்ணித்தான் தொடங்குகிறது. அடித்தளம் உண்டா என்று அது சோதிப்பதில்லை.

அந்த இரவின் கேப்டன் வழிகாட்டி அலுவலராக இருந்து விமானியானவர், வயது 47. துணை விமானி முன்னாள் விமானப் பொறியாளர். கேப்டனுக்கு 737-இல் 2500 மணி நேரத்துக்கும் மேல் அனுபவம் இருந்தது. கேட்டால் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் நவீன விமானத்தில் அதில் பெரும்பகுதி ஆட்டோபைலட்டை மேற்பார்வையிடுவதில் கழிகிறது. தரையிறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறும் ‘கோ-அரவுண்ட்’ அனுபவம் உண்மையான பறப்பில் அவருக்கு இருந்ததில்லை என்று விபத்துக்குப் பின் நிறுவனத் தரப்பே சொன்னது.

விமானமும் புதியது அல்ல. 1990-இல் பறக்கத் தொடங்கி பிரான்ஸ், உகாண்டா, பிரேசில், ருமேனியா, பல்கேரியா என்று கைமாறி வந்தது. 2001-இல் பிரேசிலில் தரையிறங்கும்போது சேதமடைந்து பழுது பார்க்கப்பட்டிருந்தது. இந்தப் பட்டியல்தான் முதல் நாள் செய்திகளில் பெரிதாக வந்தது.

அணுகுமுறையில் நடந்தது

மாஸ்கோவிலிருந்து கசானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கசானில் இருட்டு, தாழ்ந்த மேகம், பலமான காற்று. எதுவும் அசாதாரணம் இல்லை. நவம்பரில் வோல்காப் பகுதி விமானிகளுக்குப் பழகிப்போன வானிலை.

விமானத்தில் செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி இல்லை. அதன் கணினி, அசைவுகளை அளக்கும் உணரிகளையும் தரையிலுள்ள வானொலி நிலையங்களையும் வைத்து இடத்தைக் கணக்கிடும். அப்படிப்பட்ட கணக்கில் பிழை மெல்ல மெல்லச் சேரக்கூடும். அன்று திரையில் இருந்த வரைபடத்துக்கும் விமானம் உண்மையில் இருந்த இடத்துக்கும் சுமார் 4 கிலோமீட்டர் வித்தியாசம். திரையைப் பார்த்தால் பாதையில் சரியாகப் போவதாகத் தெரியும்; உண்மையில் விமானம் ஓடுபாதைக் கோட்டை விட்டு விலகி வந்துகொண்டிருந்தது. வானொலி நிலையத்தின் நேரடித் திசையை வரைபடத்தோடு ஒப்பிட்டிருந்தால் வித்தியாசம் முன்பே வெளிப்பட்டிருக்கும். அந்த ஒப்பீடு காலத்தில் நடக்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் இருவருக்கும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்ற நிச்சயம் போய்விட்டது. இதனால் அவர்கள் மீது ஏறிய மன அழுத்தத்தையும் ஆணையம் காரணங்களில் ஒன்றாக எழுதியிருக்கிறது. தரையிறங்க ஏற்ற நிலையில் இல்லை என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு கோ-அரவுண்ட் எடுத்தார்கள்.

இந்த முடிவு முழுக்கச் சரியானது. சரியாக அமையாத அணுகுமுறையைப் பிடிவாதமாகத் தொடர்ந்து ஓடுபாதையைத் தாண்டி ஓடிய விபத்துகள் எத்தனையோ. இவர்கள் அதைச் செய்யவில்லை. சரியான முடிவை எடுத்தவர்களிடம் அதை நிறைவேற்றும் திறன் இல்லாமல் போனதுதான் இந்த நிகழ்வின் மையம்.

45 விநாடிகள்

737-இல் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எஞ்சின்கள் கோ-அரவுண்டுக்கான பெரும் உந்துவிசைக்குப் போகும். ஆட்டோபைலட் என்ன செய்யும் என்பது அதன் இரண்டு தனித்தனி கணினி வழிகளில், அதாவது சேனல்களில், எத்தனை இயங்குகின்றன என்பதைப் பொறுத்தது. இரண்டு சேனலும் இணைந்திருந்தால் ஆட்டோபைலட்டே விமானத்தை மேலே ஏற்றும். ஒன்று மட்டும் இருந்தால், பொத்தானை அழுத்தியதும் ஆட்டோபைலட் விலகிவிடும். அந்த நொடியிலிருந்து விமானம் விமானியின் கையில்.

அன்று இயங்கியது ஒரே சேனல். பொத்தான் அழுத்தப்பட்டது, ஆட்டோபைலட் விலகியது. கேப்டனும் துணை விமானியும் அதை உணரவில்லை என்பதே ஆணையத்தின் முடிவு.

737-இன் எஞ்சின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குபவை. உந்துவிசை திடீரென்று கூடினால் மூக்கு தானாக மேலே எழும். விமானி கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளி அதை அடக்க வேண்டும். இங்கே இறக்கையின் பின்விளிம்புத் தகடுகளான ஃபிளாப்கள் 30-ஆம் நிலையிலிருந்து 15-க்கு மடக்கப்பட்டன, சக்கரங்கள் உள்ளே போயின. இவையெல்லாம் நடைமுறைப்படியே. ஆனால் தண்டை யாரும் தொடவில்லை. மூக்கு ஏறத்தாழ 25 பாகை வரை உயர்ந்தது, வேகம் மணிக்கு 150 கடல் மைலிலிருந்து 125-க்கு இறங்கியது.

அந்த நேரத்தில் துணை விமானி வானொலியில் இருந்தார். கட்டுப்பாட்டு அறையோடு நடந்த பேச்சு நீண்டுகொண்டே போனது. கோ-அரவுண்டின்போது கருவிகளைக் கண்காணித்து, ‘மூக்கு அதிகமாக உயர்கிறது, வேகம் குறைகிறது’ என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தக் குரல் வரவில்லை. முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், அதன் பிறகே பேசு என்பது பறத்தலின் பழைய விதி. விமானக் குழுவினர், கட்டுப்பாட்டாளர் இரு தரப்புமே அதை மீறியதாக அறிக்கை குறிப்பிடுகிறது.

வேகம் அவ்வளவு விழுந்த பிறகுதான் தண்டு முன்னே தள்ளப்பட்டது. மூக்கைத் தாழ்த்துவது அந்த நிலையில் தேவையான செயலே. ஆனால் அது நிற்கவில்லை. சுமார் 700 மீட்டர் உயரத்தில் ஏற்றம் முடிந்து விமானம் செங்குத்தாகப் பாயத் தொடங்கியது. பதிவின் கடைசியில் மூக்கு 75 பாகை கீழ்நோக்கி இருந்தது, வேகம் மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல். கோ-அரவுண்ட் தொடங்கியதிலிருந்து பதிவு முடியும் வரை சுமார் 45 விநாடி. அதில் இறக்கம் மட்டும் சுமார் 20 விநாடி.

20 விநாடியில் ஏன் தண்டைப் பின்னால் இழுக்கவில்லை? இதற்கு ஆணையம் உடல் சார்ந்த ஒரு விளக்கத்தை முன்வைக்கிறது. இருட்டிலும் மேகத்திலும் கண்ணுக்கு அடிவானம் தெரியாது. அப்போது சமநிலையைச் சொல்வது உள்காது மட்டுமே. விமானம் வேகம் பிடிக்கும்போது முதுகில் விழும் அழுத்தத்தை, மூக்கு மேலே போவதாக உள்காது தவறாகப் படிக்கும். விமானம் உண்மையில் கீழே பாய்ந்து வேகமெடுக்கும்போதும் ‘இன்னும் ஏறுகிறோம், இன்னும் தள்ளு’ என்றே உடம்பு சொல்லக்கூடும். உடம்பை நம்பாமல் செயற்கை அடிவானக் கருவியை நம்புவது பயிற்சியால் மட்டுமே வரும். கேப்டன் இந்த மயக்கத்துக்கு ஆளாகியிருக்கலாம் என்கிறது அறிக்கை. உறுதியாகச் சொல்லவில்லை, அப்படிச் சொல்லவும் இயலாது.

விசாரணை

நாடுகளுக்கிடையிலான விமானப் போக்குவரத்துக் குழு விசாரணையை ஏற்றது. ரஷ்யாவில் அதை ‘மாக்’ என்பார்கள். இரண்டே நாளில் கறுப்புப் பெட்டித் தகவல் வெளிவந்தது: தரையில் மோதும் வரை எஞ்சின்கள் இயங்கின, அமைப்புகள் செயலிழந்ததற்கான அடையாளம் இல்லை. இதன் பிறகும் ‘பழைய விமானம்’ என்ற பேச்சு ஓயவில்லை. இறந்தவர்களில் தத்தாரிஸ்தான் அதிபரின் மகனும் அந்தக் குடியரசின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவரும் இருந்ததால் பொதுவெளியில் அழுத்தம் அதிகம்.

பிறகு விசாரணையாளர்கள் ஆவணங்களுக்குள் போனார்கள். கேப்டனிடம் விமானி உரிமம் இருந்தது. ஆனால் விமானியாவதற்கான தொடக்கப் பயிற்சியை அவர் பெறவில்லை என்று அறிக்கை முடிவுக்கு வந்தது. அந்தப் பயிற்சி ஒரு மையத்தின் காகிதத்தில் மட்டுமே இருந்தது. இருவரும் தேவையான தகுதிகள், ஆங்கில அறிவு உட்பட, இல்லாமலேயே போயிங் மறுபயிற்சியில் சேர்க்கப்பட்டிருந்தனர். போயிங்கின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் இது சின்ன விஷயமில்லை. ஒரு சேனலில் ஆட்டோபைலட் விலகிவிடும் என்பதை விமானி தெரிந்துகொள்வதே அந்தப் பக்கங்களிலிருந்துதான்.

சிமுலேட்டர் பயிற்சியில் இன்னொரு ஓட்டை. கோ-அரவுண்டை வழக்கமாகத் தீர்மான உயரத்துக்கு (இறங்குவதா, மேலே ஏறுவதா என்று முடிவெடுக்கும் உயரம்) அருகிலிருந்து, அதுவும் ஒரு எஞ்சின் செயலிழந்த நிலையில் பயில்வார்கள். கடினமானதைப் பயின்றால் எளிதானது தானாக வரும் என்ற எண்ணம். உண்மையில் இரண்டு எஞ்சினும் முழு பலத்தில் இருக்கும் கோ-அரவுண்ட் வேறு வகை ஆபத்து: எல்லாமே மிக வேகமாக நடக்கும். பாதி பயணிகளே இருந்து எரிபொருளும் குறைந்த விமானத்தில் அந்த வேகம் இன்னும் கூடும்.

வேலை நேர விதிகள் தொடர்ந்து மீறப்பட்டிருந்தன, எடுக்காத விடுப்பு மலையாகச் சேர்ந்திருந்தது, களைப்பு கூடியிருக்க வாய்ப்புண்டு என்றும் அறிக்கை சொன்னது. விமானிகள் வழிகாட்டும் கருவிகளைக் கையாள்வதில் இருந்த குறைகளை நிறுவனத்தின் பறத்தல் பிரிவு கண்டுபிடிக்கவில்லை. பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு பெயரளவில்தான் இருந்தது. பயிற்சித் தரத்தை வட்டார அலுவலகம் முதல் தலைமை வரை எந்த அதிகாரியும் கண்காணிக்கவில்லை. தகுதியற்ற குழு அந்தப் பயணத்துக்கு அனுப்பப்பட்டது இவற்றின் விளைவு என்பதே 2015 டிசம்பர் இறுதி அறிக்கையின் முதல் வாக்கியத்தின் சாரம்.

கருத்து வேறுபாடு

எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆணையத்தில் இருந்த ரோஸாவியாட்சியா தரப்பு, அதாவது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு முகமை, வாலில் உள்ள உயர்த்தித் தகட்டின் கட்டுப்பாட்டில் இயந்திரக் கோளாறு நேர்ந்திருக்கும் என்ற மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தது. இந்த மோதல் 2015 நவம்பரில் விசித்திரமான கட்டத்தை எட்டியது. அதே உயர்த்திப் பிரச்சினையில் ஒழுங்குமுறை அமைப்புகள் ஒத்த கருத்துக்கு வரும் வரை என்று சொல்லி, ரஷ்யாவில் 737-க்கான சான்றிதழை மாக் நிறுத்திவைத்தது. விமானங்கள் பறப்பதை ரோஸாவியாட்சியா தடுக்கவில்லை. நாடு முழுக்க 737-கள் வழக்கம்போல் பறந்தன. விரைவிலேயே சான்றளிக்கும் அதிகாரம் மாக்கிடமிருந்து ரோஸாவியாட்சியாவுக்கு மாற்றப்பட்டது.

கோளாறு வாதத்தை நான் ஏற்கவில்லை. மாற்றுக் கருத்து தெரிவிப்பது எந்த உறுப்பினருக்கும் உள்ள உரிமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் மேற்பார்வை இல்லாததைக் காரணமாகச் சொல்லும் அறிக்கையில், அந்த மேற்பார்வைக்குப் பொறுப்பான அமைப்பே எதிர்வாதியாக நிற்பது நல்ல ஏற்பாடு அல்ல. ஒழுங்குபடுத்துவோரும் விசாரிப்போரும் முழுக்கத் தனித்தனியாக இருக்க வேண்டும் என்ற கொள்கை இதற்காகத்தான் இருக்கிறது.

நிறுவனத்தின் முடிவு

விபத்து நடந்த நவம்பர் மாதத்திலேயே நிறுவனத் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2013 டிசம்பர் 31-இல் ரோஸாவியாட்சியா இயக்க உரிமத்தை ரத்து செய்தது. விமானங்கள் சில, அதே குடியரசின் அக் பார்ஸ் ஏரோ என்ற நிறுவனத்துக்குப் போயின. அதுவும் 2015 ஜனவரியில் பயணிகள் சேவையை நிறுத்தியது. பிறகு யுவிடி ஏரோ என்ற புதிய நிறுவனம் வந்தது. போலி ஆவணங்கள் அம்பலமானதும் பயிற்சி மையங்கள் மீது சோதனைகள் நடந்தன, விமானி உரிமங்கள் ரத்தாயின.

உரிமத்தை ரத்து செய்த முடிவின் காரணம் புரிகிறது. நம்பிக்கை போன நிறுவனத்தைத் தொடர்ந்து பறக்கவிட முடியாது. ஆனால் அந்தப் போலிப் பயிற்சிக் காகிதம் நிறுவனத்துக்கு வெளியே தயாரானது. அதை ஏற்று உரிமம் வழங்கிய அலுவலகம் நிறுவனத்துக்குச் சொந்தமானது அல்ல.

மாற வேண்டியவை

இதே பாடம் முன்பே இரண்டு முறை எழுதப்பட்டுவிட்டது. 2006 மே 3-இல் சோச்சியில் ஆர்மாவியாவின் ஏ320 கோ-அரவுண்டின்போது கடலில் விழுந்து 113 பேர் இறந்தனர். 2008 செப்டம்பர் 14-இல் பெர்மில் ஏரோஃப்ளோட்-நோர்டின் 737-500 விழுந்து 88 பேர் இறந்தனர். அங்கும் சோவியத் விமானத்திலிருந்து போயிங்குக்கு மாறிய விமானிகளின் பயிற்சியே கேள்வியானது. அந்தப் பரிந்துரைகள் நடைமுறைக்கு வராததையும் கசான் அறிக்கை சுட்டிக்காட்டியது. அந்த அறிக்கை வெளியாகி மூன்று மாதம் கூட ஆகவில்லை, 2016 மார்ச் 19-இல் ரஸ்தோவில் ஃபிளைதுபாயின் 737-800 கோ-அரவுண்டில் மூக்கு கீழே பாய்ந்து விழுந்தது. இறந்தவர்கள் 62. நிறுவனம் ரஷ்யாவுடையது அல்ல, விமானமும் புதியது, கேப்டனின் பின்னணியும் வேறு. மேகம், இரவு, முழு உந்துவிசை, முன்னே தள்ளிய தண்டு, உடம்பின் மயக்கம் ஆகியவை ஒத்துப்போகின்றன. ஆகவே கசானைப் போலிச் சான்றிதழ் கதையாக மட்டும் படித்தாலும் குறையே.

முதலில் செய்ய வேண்டியது சிமுலேட்டரில். இரண்டு எஞ்சினும் ஓடும் விமானத்தில், எடை குறைவாக இருக்கையில், தீர்மான உயரத்துக்கு மேலே எங்காவது ஓரிடத்தில், ஒரே சேனலில், எதிர்பாராத நேரத்தில் கோ-அரவுண்ட் கொடுக்க வேண்டும். ஆட்டோபைலட் விலகியதை விமானி வாய்விட்டுச் சொல்கிறாரா என்று பயிற்றுநர் பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் அது தேர்ச்சி அல்ல.

உரிமம் வழங்கும் அலுவலகம் பயிற்சி மையத்தின் முத்திரையோடு திருப்தியடையக் கூடாது. எந்த விமானம், எந்த நாள், எந்தப் பயிற்றுநர், அந்த விமானத்தின் பறத்தல் பதிவேட்டில் அந்த மணி நேரம் இருக்கிறதா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மதியம் போதும். வழிகாட்டியும் பொறியாளரும் விமானியாகலாம், ஆனால் சிறிய விமானத்திலிருந்து தொடங்கித்தான்.

கட்டுப்பாட்டு அறைக்கும் ஒரு மாற்றம் வேண்டும். விமானம் ‘கோ-அரவுண்ட்’ என்று சொன்னதும், மோதல் ஆபத்து இல்லாத வரை, கட்டுப்பாட்டாளர் சிறிது நேரம் எதுவும் கேட்கக் கூடாது. உயரம், திசை, காரணம் எல்லாம் விமானம் நிலையாக ஏறத் தொடங்கிய பிறகு கேட்டுக்கொள்ளலாம். துணை விமானியும் பதிலுக்கு ‘காத்திருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருவிகளுக்குத் திரும்பப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தையும் சிமுலேட்டரிலேயே, இன்னொருவர் வானொலியில் தொடர்ந்து கேள்வி கேட்டுத் தொல்லை கொடுக்கும்படி வைத்துத்தான் உண்டாக்க முடியும்.